வீட்டை விற்குமுன் சமையலறை: எதில் கை வைக்கலாம், எதை விட்டுவிடலாம்

வீட்டை விற்பது என்று முடிவானதும் பலருக்கும் முதலில் கண்ணை உறுத்துவது சமையலறைதான். "எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டுப் புதுசா மாட்டிடலாம்" என்று கான்ட்ராக்டரும் சொல்வார். வேண்டாம். விற்கப்போகும் வீட்டில் முழுச் சமையலறையையும் புதிதாகக் கட்டினால் போட்ட பணம் அப்படியே விலையில் ஏறிவிடாது. நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறமும் மேடைக்கல்லும் வாங்குபவருக்குப் பிடிக்காமல் போகலாம். குடிவந்த சில மாதத்தில் அவர் அதைப் பெயர்த்தும் விடலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, வந்து பார்ப்பவருக்குச் சந்தேகம் எழ இடம் கொடுக்காமல் இருப்பது. சிங்க்குக்கு அடியில் ஊறிப்போன பலகை, திறந்தால் தொங்கும் கதவு, டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கிரவுட் கறுத்துப்போயிருப்பது, தொட்டால் ஒட்டும் கைப்பிடி. இதையெல்லாம் பார்க்கும் ஒருவர், "வெளியிலயே இப்படின்னா சுவருக்குள்ள இருக்கிற பைப் எந்த லட்சணத்துல இருக்குமோ" என்றுதான் யோசிப்பார். அந்த யோசனைக்குப் பேரத்தில் அவர் குறைக்கும் தொகை, பழுதைச் சரிசெய்யும் செலவைவிட மிக அதிகமாக இருக்கும்.

முதலில், தொடக்கூடாதது எது என்று சொல்லிவிடுகிறேன். சிங்க், அடுப்பு, கேபினெட் இருக்கும் இடங்களை மாற்றாதீர்கள். சிங்க்கை நகர்த்தினால் வேஸ்ட் பைப்பையும் நகர்த்த வேண்டும்; அதற்கு மீட்டருக்கு ஏறத்தாழ 2 செ.மீ. சரிவு கிடைக்க வேண்டும். அந்தச் சரிவுக்காகச் சுவரையோ தரையையோ உடைத்தால் டைல்ஸ் போகும், அதே டைல்ஸ் திரும்பக் கிடைக்காது, கடைசியில் மொத்தத் தரையையும் மாற்றுவதில் போய் நிற்கும். அடுப்பை நகர்த்தினால் கேஸ் லைன், மின்சார லைன், புகைபோக்கி என்று மூன்று வேலை சேர்ந்துகொள்ளும். இத்தனை செலவில் ஒரு காசுகூட வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர் வேலை முதலில்

பெயின்ட் அடித்துவிட்டுப் பிளம்பரைக் கூப்பிட்டால், பெயின்ட் வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். அதனால் கசிவைத் தேடுவதில் தொடங்குங்கள். சிங்க்கின் வாயை அடைத்து விளிம்புவரை நீர் நிரப்பி, ஒரே தடவையில் திறந்துவிடுங்கள். குழாயை லேசாக ஓடவிட்டுப் பார்த்தால் தெரியாத கசிவு, தொட்டி நிறைய நீர் ஒன்றாக இறங்கும்போது தெரிந்துவிடும். நீர் இறங்கும்போதே அடியில் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ தாளால் சுற்றித் துடையுங்கள். கைக்குப் படாத ஈரமும் தாளில் தெரியும்.

சிங்க்குக்கு நேர் கீழே, வடிகால் ஓட்டையில் பொருத்தியிருக்கும் வேஸ்ட் கப்ளிங் பக்கம் ஈரம் இருந்தால் அங்கே ரப்பர் வாஷர் இறுகிப்போயிருக்கும். கழற்றி, பழைய பிசினைச் சுரண்டிவிட்டுப் புது வாஷர் போடுங்கள். டிராப் (கொஞ்சம் நீரைத் தேக்கிச் சாக்கடை வாடையைத் தடுக்கும் பகுதி) இணைப்பில் கசிந்தால் நட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் கூம்பு வாஷரைப் பாருங்கள். அதன் குறுகிய முனை இணைப்பின் வாய்க்குள் போக வேண்டும். தட்டையான பக்கம் நட்டோடு இருக்க வேண்டும். திருப்பிப் போட்டிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் ஸ்பானரால் கால் சுற்று கொடுத்தால் போதும். கூடுதலாக முறுக்கினால் நட்டில் மயிரிழை விரிசல் விடும், அது சில நாள் கழித்துத்தான் கசியத் தொடங்கும்.

சுவரில் இருக்கும் அரை அங்குல ஆங்கிள் காக்கின் (நீரை அடைக்கும் சிறு வால்வு) மரையில் டெஃப்லான் டேப் சுற்றும்போது, மரையின் முனை உங்களைப் பார்த்தபடி இருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் மாட்டி முறுக்கும்போதே டேப் பிரிந்து வெளியே வந்துவிடும்.

துர்நாற்றத்துக்கு வருவோம். சிங்க்கிலிருந்து வரும் மடிப்புக் குழாயை அப்படியே சுவர்ப் பைப்புக்குள் சொருகி விட்டிருப்பார்கள். சுற்றிலும் இடைவெளி இருக்கும். சாக்கடை வாடையும் கரப்பானும் அந்த வழியாகத்தான் வரும். பைப்பின் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கிச் செருகினால் அடைந்துவிடும். வளையம் சரியாக உட்கார்ந்தும் வாடை நிற்கவில்லை என்றால் டிராப்பே இல்லையா என்று பாருங்கள்; இல்லையென்றால் ஒரு பாட்டில் டிராப் மாட்டிவிடுங்கள். டிராப் இருந்தும் வாடை வந்தால் அதில் நீர் வற்றியிருக்கும். வீடு காலியாகக் கிடந்தால் சில வாரங்களில் டிராப் நீர் ஆவியாகிவிடும். ஆகவே, காலி வீட்டை யாரும் பார்க்க வருவதற்கு முந்தைய நாள் எல்லாக் குழாய்களையும் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்.

குழாயில் நீர் சிதறி வந்தால் நுனியில் இருக்கும் சல்லடையைக் கழற்றி ஒரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நன்றாக இருக்கும் குழாயை, அழுக்காகத் தெரிகிறதே என்பதற்காக மாற்ற வேண்டாம். மாற்றியே தீரவேண்டும் என்றால், மேடையில் ஏற்கெனவே இருக்கும் துளைகளின் எண்ணிக்கைக்குப் பொருந்துகிற குழாயாக வாங்குங்கள்.

கேபினெட்: பணமும் உழைப்பும் போக வேண்டிய இடம்

சமையலறையில் கண்ணில் படும் பரப்பில் பெரும்பகுதி ஷட்டர்கள்தான், அதாவது கேபினெட் கதவுகள். உள்ளே இருக்கும் பெட்டி உறுதியாக இருந்தால் ஷட்டருக்குப் பெயின்ட் அடித்துக் கைப்பிடியை மாற்றுவதே போதும். ஆனால் எல்லா ஷட்டரும் பெயின்ட்டை ஒரே மாதிரி பிடிக்காது. முதலில் எதன்மீது அடிக்கப்போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பாலிஷ் போட்ட மரம், எனாமல் அடித்த பிளைவுட் இரண்டும் சிரமம் தராது. மைக்கா ஒட்டியதற்கு, வழுவழுப்பான பரப்பில் ஒட்டக்கூடிய தனி வகை பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு) வேண்டும். சாதாரண மர பிரைமர் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைமேல் பிவிசி தாள் சுற்றிய ஷட்டர்தான் ஏமாற்றும். தாளின் ஓரம் ஓரிடத்தில் உரியத் தொடங்கியிருந்தால் அதன்மேல் அடிக்கும் பெயின்ட்டும் தாளோடு சேர்ந்தே உரியும். ஹேர் டிரையரால் ஓரத்தைச் சூடாக்கி மெல்ல இழுத்தால் தாள் முழுதாக வந்துவிடும். மிஞ்சிய பசையைத் தேய்த்து எடுத்துவிட்டு, எம்டிஎஃப் மேலேயே பிரைமர் அடியுங்கள். ஓரங்கள் மட்டும் பிரைமரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அங்கே இரண்டு கோட்.

எதுவானாலும் மறைவான ஓரிடத்தில் பிரைமரைத் தடவி, ஒரு நாள் காயவிட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பிரைமர் அந்தப் பரப்புக்கு ஆகாது.

ஷட்டர்களைக் கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். கீல் உட்காரும் 35 மி.மீ. குழிக்குள் எண்ணை எழுதி அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் பெயின்ட்டில் மறையாது. பெட்டியிலும் அதே எண். திருகாணிகளையும் எண்வாரியாகத் தனித்தனிப் பையில் போடுங்கள். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று தோன்றும். திரும்ப மாட்டும்போது ஒன்றுகூட நேராக உட்காராது.

இனி எண்ணெய்ப் பிசுக்கு. அடித்த பெயின்ட் உரிவதற்கு முதல் காரணம் இதுதான், அதிலும் அடுப்புக்கு மேலும் கைப்பிடியைச் சுற்றியும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, நைலான் ஸ்கிரப்பரால் தேயுங்கள். பிறகு சுத்தமான நீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, ஓர் இரவு காயவிடுங்கள். சோடா மிஞ்சினாலும் பிரைமர் பிடிக்காது. காய்ந்ததும் வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். துணியில் மஞ்சள் ஏறினால் மறுபடியும் கழுவ வேண்டும். உப்புத்தாள் தேய்ப்பது இதற்குப் பிறகுதான். பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கிவிடும், அதன்பின் எடுக்கவே முடியாது.

மரத்துக்கு 150, பிறகு 220 நம்பர் தாள். மைக்காவுக்கு 220 மட்டும், பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் போதும். மிகப் பழைய வீட்டின் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அங்கே உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

எவ்வளவு பெயின்ட் வாங்குவது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரத்தில் 14 ஷட்டர்கள் என்று வையுங்கள். ஒரு பக்கம் 0.28 சதுர மீட்டர், இரு பக்கம் 0.56, பதினான்குக்கும் சேர்த்து 7.84. பெட்டியின் வெளிச் சட்டங்களுக்கு இன்னொரு 2. ஆக ஏறக்குறைய 10 சதுர மீட்டர். வழவழப்பான பரப்பில் ஒரு லிட்டர் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். ஒரு கோட் பிரைமருக்கு 1 லிட்டர், இரண்டு கோட் எனாமலுக்கு 2 லிட்டர். கருப்பு, அடர் பழுப்பு நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்கு வருவதென்றால் பிரைமரை இன்னொரு கோட் கூட்டிக்கொள்ளுங்கள். அது எனாமலை மூன்றாவது கோட் அடிப்பதைவிட மலிவு.

பின்பக்கத்தை முதலில் அடித்துக் காயவைத்துவிட்டு முன்பக்கத்துக்கு வாருங்கள். தப்பித்தவறி அச்சுப் பட்டாலும் பின்பக்கத்தோடு போகும். ஓரங்களையும் பள்ளங்களையும் பிரஷ்ஷால் முடித்துக்கொண்டு, சமதளத்தை நான்கு அங்குல ஃபோம் ரோலரால் மெல்லிசாக இழுங்கள். அடித்துப் பத்து நிமிடம் கழித்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கீழ் ஓரத்தில் சொட்டுத் தேங்கியிருந்தால் அப்போதே பிரஷ் நுனியால் எடுத்துவிடலாம்; காய்ந்தபின் வெட்டித் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் 320 நம்பர் தாளால் ஒரு தடவு. முழுப் பளபளப்பு வேண்டாம்: ரோலர் தடமும் பலகையின் மேடு பள்ளமும் அதில் பளிச்சென்று தெரியும். அரைப் பளபளப்பு போதும், துடைக்கவும் வரும்.

நீர் கலந்த எனாமல் சில மணி நேரத்தில் கைக்கு ஒட்டாது. ஆனால் உள்ளே முழுதாக இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை ஷட்டர் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு ஷட்டரின் உள்மூலையிலும் ஒரு சிறு சிலிக்கான் குமிழ் ஒட்டிவிடுங்கள். இந்த ஒரே காரணத்துக்காகவே கேபினெட் வேலையை, வீட்டைக் காட்டத் தொடங்கும் நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும்.

கைப்பிடியைப் பெயின்ட்டுக்கு முன்பே தேர்ந்தெடுங்கள். பழைய கைப்பிடியின் இரண்டு துளைகளுக்கும் நடுவே மையத்துக்கு மையம் அளந்து பாருங்கள். பெரும்பாலும் 96, 128, 160 மி.மீ. இவற்றில் ஒன்றாக இருக்கும். அதே அளவில் வாங்கினால் துளை போடும் வேலையே இல்லை. வேறு அளவு என்றால் பழைய துளையை அடைத்துத் தேய்த்த பின்புதான் பிரைமர். திருகாணி 18 மி.மீ. ஷட்டருக்கு 25 மி.மீ. நீளம் சரியாக இருக்கும். நீளம் கூடினால் கைப்பிடி ஆடும். பலரும் அதைக் கைப்பிடியின் குறை என்று நினைத்துவிடுவார்கள்.

தொங்கும் ஷட்டருக்குப் புதுக் கீல் வாங்குமுன் திருகிப் பாருங்கள். கீலில் ஷட்டருக்கு அருகில் இருக்கும் திருகாணி இடவலமாக நகர்த்தும். பின்னால் இருப்பது உள்ளே வெளியே. பெட்டியில் பதிந்த தகட்டின் திருகாணிகளைத் தளர்த்தினால் மேலே கீழே. பக்கத்துப் பக்கத்து ஷட்டர்களுக்கு நடுவில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கட்டும். திருகாணி பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், மரப் பசையில் தோய்த்த தீக்குச்சி இரண்டை, மருந்து முனையை வெட்டிவிட்டு, துளைக்குள் அடித்து முறியுங்கள். மறுநாள் அதே திருகாணி இறுக்கமாகப் பிடிக்கும்.

சிங்க்குக்குக் கீழே உள்ள பலகை ஊதியிருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு ஒருமுறை நீரில் ஊதிவிட்டால் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. தேய்த்தால் மாவாகக் கொட்டும். அந்த அடிப்பலகையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நீர் தாங்கும் பிளைவுட்டோ பிவிசி போர்டோ போடுங்கள். பிளைவுட் என்றால் வெட்டிய ஓரங்களுக்கும், பைப் நுழையும் துளையின் உள்விளிம்புக்கும் பெயின்ட் அடித்தாக வேண்டும், ஏனென்றால் நீர் அங்கேதான் முதலில் ஏறும். வாங்க வருபவர் குனிந்து பார்க்கும் இடம் இது. புதுப் பலகை, காய்ந்த பைப், மேலே எதுவும் அடுக்காத வெற்றிடம். இதற்கு ஆகும் செலவோ சொற்பம்.

மேடை, டைல்ஸ், கிரவுட்

கிரானைட் மேடை மங்கியிருந்தால் அது பெரும்பாலும் சோப்புப் படலம்தான். இளஞ்சூட்டு நீரும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் போதும். கல்மேல் ஒரு கரண்டி நீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் கல் நீரைக் குடிக்கிறது, நீர் இறங்காமல் தடுக்கும் சீலர் ஒரு கோட் கொடுக்கலாம். மார்பிள் மேடையில் வினிகர், எலுமிச்சை எதுவும் படக்கூடாது. அமிலம் கல்லையே அரித்துவிடும், மங்கிய வட்டம் நிரந்தரமாகத் தங்கும்.

டைல்ஸை மாற்றுமுன் கிரவுட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். கோடுகள் வெளுத்தாலே பத்து வருடப் பழைய சுவர் புதிதாகத் தெரியும். முதலில் திருப்புளியின் பிடியால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் அது பிடிப்பு விட்டது. கிரவுட் எடுக்கும்போதே கையோடு வரும். பழைய கிரவுட்டைச் சுரண்டியால் குறைந்தது 3 மி.மீ. ஆழம் எடுக்க வேண்டும். மேலாகப் பூசினால் சில வாரத்தில் செதில் செதிலாக உதிரும். 3 மி.மீ.க்குக் குறைந்த இடைவெளிக்கு மணல் கலக்காத கிரவுட், அதற்கு மேல் மணல் கலந்தது. கலக்கும்போது பூச எளிதாக இருக்கட்டும் என்று நீரைக் கூட்டாதீர்கள். நீர் கூடினால் காய்ந்தபின் வெடிக்கும், நிறமும் திட்டுத் திட்டாக வரும். பூசி இருபது நிமிடம் கழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் கோட்டுக்குக் குறுக்காகச் சாய்வாகத் துடையுங்கள். கோட்டின் போக்கிலேயே துடைத்தால் கிரவுட் பள்ளமாகிவிடும்.

மேடையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் வைக்காதீர்கள். மேடை தனியாக அசையும், சுவர் தனியாக அசையும். இறுகிய கிரவுட் அங்கே விரிசல் விட்டே தீரும். அந்த இடத்துக்குச் சிலிக்கான். பழைய சிலிக்கானை ஒரு துளிகூட விடாமல் சீவி எடுங்கள், ஏனென்றால் புதியது பழையதன்மேல் ஒட்டாது. இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிக்கான் டியூபின் மூக்கை 45 டிகிரி சாய்வில் 5 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, ஒரே இழுப்பில் வையுங்கள். சோப்பு நீரில் நனைத்த விரலால் ஒருமுறை மட்டும் நீவி, படலம் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். 24 மணி நேரம் நீர் படக்கூடாது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் அமிலத்தை வெளிவிடும் வகை. மார்பிள் பக்கத்தில் அது வேண்டாம், நியூட்ரல் என்று எழுதியதை வாங்குங்கள். பூஞ்சை தடுக்கும் வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் மேல் அடிக்கும் பெயின்ட், ஒட்டும் டைல் ஸ்டிக்கர் இவை இரண்டையும் அடுப்புக்குப் பின்னால் நான் பரிந்துரைக்க மாட்டேன். சூட்டில் ஓரம் எழும்பும். பார்க்க வருபவர் அந்த ஓரத்தை நகத்தால் நெம்பினால், மற்ற எல்லா வேலையையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்.

சுவரும் வெளிச்சமும்

மேல் சுவரிலும் கூரையிலும் படிந்த எண்ணெய்க் கறையைச் சாதாரண பெயின்ட் மறைக்காது. இரண்டே வாரத்தில் மஞ்சள் மேலே கசியும். கழுவிவிட்டு, கறை மறைக்கும் பிரைமர் ஒரு கோட், பிறகு கழுவக்கூடிய பெயின்ட். அதுவே ஓதத்தால் வந்த திட்டு என்றால் வேறு வேலை. உப்புப் பூத்த சுவரில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைப்பது ஏமாற்று வேலை. ஈரமானி வைத்துப் பார்க்கும் ஆள் வந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், அதன்பின் உங்கள் வார்த்தை எதையும் அவர் நம்பமாட்டார். நீர் வரும் வழியைச் சரிசெய்து, சுவர் காயும்வரை காத்திருங்கள். முடியாவிட்டால் இருப்பதைச் சொல்லிவிட்டு விலையில் பேசுங்கள்.

புகைபோக்கி ஃபில்டரைக் கழுவுமுன் எந்த உலோகம் என்று பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைக்கலாம். அலுமினிய வலையைச் சோடாவில் போட்டால் கறுத்து மங்கிவிடும். அதற்குப் பாத்திரம் கழுவும் திரவம் மட்டும். கரி ஃபில்டரைப் பெரும்பாலும் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

விளக்குகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கட்டும். ஒன்று 3000 கெல்வின் (மஞ்சள் ஒளி), இன்னொன்று 6500 (நீலம் கலந்த வெள்ளை) என்று கலந்திருந்தால் புதுப் பெயின்ட்கூட அழுக்காகத் தெரியும். 4000 கெல்வின் சமையலறைக்குப் பொருந்தும். மேல் கேபினெட்டுக்கு அடியில் எல்இடி பட்டை ஒட்டுவதானால் சுவரோரம் வேண்டாம், முன் ஓரத்துக்குப் பக்கமாக ஒட்டினால்தான் மேடை முழுவதும் வெளிச்சம் விழும். மீட்டருக்கு 9.6 வாட் எடுக்கும் பட்டை 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 29 வாட். அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் 36 வாட்டாவது இருக்க வேண்டும். கணக்குக்குச் சரியாக 30 வாட் டிரைவர் போட்டால் அது எப்போதும் சூடாகவே ஓடிச் சீக்கிரம் போய்விடும். சிங்க் பக்கத்துப் பிளக் பாயிண்ட்டுக்கு மின்கசிவு தடுப்பான் இல்லையென்றால், அந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

கையில் இருப்பது குறைவு என்றால் வரிசை இப்படி: கசிவு, சிங்க் அடிப்பலகை, பிசுக்குக் கழுவல், கிரவுட்டும் சிலிக்கானும், கைப்பிடி, விளக்கு. ஷட்டர் பெயின்ட் இதற்கெல்லாம் பிறகு. அரைகுறையாக அடித்த பெயின்ட்டைவிடக் கழுவித் துடைத்த பழைய ஷட்டர் எவ்வளவோ மேல். மொத்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். ஏதாவது ஒரு பைப் இணைப்பைத் திறந்தபின் அந்தப் பணம் தேவைப்படும். பெட்டிகளே உளுத்தும் ஊதியும் போயிருந்தால் இந்த வேலை எதிலும் இறங்காதீர்கள். வாங்குபவர் எப்படியும் பெயர்த்துவிடுவார். காலிசெய்து, கழுவி, கசிவை மட்டும் நிறுத்திவிட்டு அப்படியே காட்டுங்கள்.

மிஞ்சிய பெயின்ட்டையும் கிரவுட்டையும் எறிந்துவிடாமல் இறுக மூடி, எந்த இடத்துக்கு அடித்தது, என்ன நிற எண், எந்தத் தேதி என்று டப்பாவின் மேல் எழுதி வையுங்கள். சிங்க் அடியிலும் கைப்பிடி ஓரத்திலும் வீடு காட்டும் நாட்களிலேயே கீறல் விழும், அதே டப்பாவைத் திறந்து தொட்டுக்கொள்ளலாம். சாவி கொடுக்கும்போது பிளம்பிங் பில்லோடு சேர்த்து வாங்குபவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.